அட்டைக்கடி காதல்

முதலில் சண்டை, நடுவில் முதலை, முடிவில் முத்தம். காட்டில் மாட்டிக்கொள்ளும் ஜோடியைப் பற்றிய இந்த ஹாலிவுட் சமாசாரங்களை ‘சும்மா டைம்பாஸ்’ என்று ஒதுக்கும் அறிவுஜீவிகள் மீது எனக்குக் கோபம். அதைவிடப் பெரிய கோபம், ‘டைம்பாஸ்தானே, எதையாவது எடுத்துப் போடு’ என்கிற ஸ்டுடியோக்காரர்கள் மீது.

1984-ல் வந்த ‘ரொமான்ஸிங் தி ஸ்டோன்’ பார்த்திருக்கிறீர்களா? காதல் நாவல் எழுதும் கேத்லீன் டர்னர், கடத்தப்பட்ட சகோதரியை மீட்க கொலம்பியா போய், தப்பான பஸ்ஸில் ஏறிவிடுகிறார். வழித்துணைக்குக் கிடைக்கும் மைக்கேல் டக்ளஸ், ‘பயப்படாதே பெண்ணே’ என்றா டயலாக் விடுகிறார்? கூலி பேசுகிறார்! 375 டாலருக்கு, அதுவும் டிராவலர்ஸ் செக்காக, பேரம் படிகிறது. பி.காம். படித்த புத்தி என்று சிரிக்காதீர்கள். இதைவிட யோக்கியமான காதல் ஆரம்பம் எனக்குத் தெரிந்து இல்லை. அடுத்து, அவருடைய ஹை-ஹீல்ஸை ஒரே போடாகப் போட்டு வெட்டித் தட்டையாக்குகிறார். கதையை எழுதிய டயான் தாமஸ் ஹோட்டலில் சர்வராக இருந்தவர். நாளெல்லாம் நின்றால் பெண்ணுக்குக் கால் என்ன பாடுபடும் என்று தெரிந்த கை அது.

இந்தப் படங்களின் ருசியே அதுதான் சார். காட்டில் உங்கள் விசிட்டிங் கார்டு செல்லாது. வேலை செய்தால்தான் நகரலாம். சேர்ந்து செய்தால்தான் பிழைக்கலாம். (அந்தக் காட்டிலேயே பிறந்து வாழ்கிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கி பிடிக்க மட்டுமே வருகிறார்கள் என்பது தனிப் பஞ்சாயத்து.)

1951-ன் ‘தி ஆஃப்ரிக்கன் க்வீன்’ படத்தில் ஹம்ப்ரி போகார்ட் சேற்றில் இறங்கி, கயிறு கட்டிப் படகை இழுக்கிறார். ஏறி வந்தால் உடம்பெல்லாம் அட்டை. அருவருப்பில் நடுங்குகிறார். கேதரின் ஹெப்பர்ன் உப்புப் போட்டு எடுக்கிறார். அப்புறம்? படகு நகரவில்லையே! மறுபடியும் அதே தண்ணீரில் இறங்குகிறார் மனுஷன். ‘ஐ லவ் யூ’ எல்லாம் அதற்கு முன்னால் தூசு. அட்டை ரப்பர் அட்டைதான். இருக்கட்டுமே, இறங்கியது நடிப்பா என்று கேட்கவே தோன்றவில்லை.

2022-ல் ‘தி லாஸ்ட் சிட்டி’. இங்கேயும் அட்டை. சாண்ட்ரா புல்லக் உட்கார்ந்து எடுக்கிறார். சானிங் டாட்டமின் பின்பக்கத்தைக் காட்டிச் சிரிக்க வைத்ததும் அட்டையின் வேலை முடிந்தது. மறுபடி தண்ணீரில் இறங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

2021-ன் ‘ஜங்கிள் க்ரூய்ஸ்’ இன்னும் விசேஷம். 1955-ல் டிஸ்னிலேண்டில் திறந்த படகுச் சவாரியை வைத்து எடுத்த படம். அந்தச் சவாரியை வடிவமைத்தவர்களுக்குத் தூண்டுதல் எது தெரியுமா? அதே ‘ஆஃப்ரிக்கன் க்வீன்’. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ்! செலவு சுமார் 20 கோடி டாலர். ‘ரொமான்ஸிங் தி ஸ்டோன்’ சுமார் 1 கோடியில் முடிந்து, அமெரிக்காவில் மட்டும் 7 கோடிக்கு மேல் வசூலித்தது. மிச்சம் 19 கோடியில் கம்ப்யூட்டர் காடு வளர்த்தார்களே, அதில் ஒரு நல்ல கூலிப் பேரத்துக்கு 375 டாலர் ஒதுக்கியிருக்கக் கூடாதா?