கணிப்பொறி உதவிப் பணியும் பயிற்சித் தேர்வும்

"ஐயா, எந்தக் கணிப்பொறிப் பயிற்சியில் சேர்ந்தால் விரைவில் வேலை கிடைக்கும்?" என்று இறுதியாண்டு மாணவர் வினவுவது வழக்கமாகிவிட்டது. தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க வினாவா இது என்று முன்பு நான் எண்ணியதுண்டு. இப்பொழுது அவ்வாறு எண்ணுவதில்லை. காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

கணிப்பொறிப் பணி என்றதும் நிரல் எழுதுவதையே பலரும் நினைக்கின்றனர். மருத்துவமனையிலோ வங்கியிலோ கணிப்பொறி நின்றுவிட்டால், அச்சுப்பொறி இயங்க மறுத்தால், முதலில் அழைக்கப்படுபவர் ஒருவர் உளர். அவர் செய்வதே ஐ.டி. சப்போர்ட் எனப்படும் உதவிப் பணி. பொறியியற் பட்டம் இன்றியும் இதில் நுழைய வழியுண்டு. ஆதலால்தான் இதனைச் சுற்றிப் பயிற்சி வணிகமும் பெருகியிருக்கிறது.

நம் துறையில் இலக்கியம் பயின்ற மாணவர் ஒருவர், உம்மாவின் வளையல்களை விற்ற பணத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தார். வட்டிக்கு அஞ்சி அடகு வைக்காத குடும்பம் அது. ஆறு திங்களில் பன்னிரண்டு பாடங்கள். முடிவில் பொன்னிற எழுத்தில் ஒரு சான்றிதழ். நேர்முகத் தேர்வில் கேட்கப்பட்டதோ ஒரே வினா: கணிப்பொறியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் அதற்கு என்ன பொருள்? அவருக்கு விடை தெரியவில்லை. முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சேவையிடமிருந்து மறுமொழி கிட்டாதபோது, விண்டோஸ் தனக்குத்தானே சூட்டிக்கொள்ளும் முகவரி அது. பழுது கேபிளில் இருக்கலாம், சுவிட்சில் இருக்கலாம், அச்சேவையிலேயே இருக்கலாம். ஒருமுறை கேபிளைப் பிடுங்கிப் பார்த்திருந்தால் மறந்திருக்க மாட்டார். அந்நிலையத்தில் பாடமெல்லாம் திரையிலேயே நடந்து முடிந்தது. அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வதை வன்மையாகக் கண்டிக்கும் மார்க்கம் நம்முடையது. பயிற்சியில் குறை செய்வதும் அவ்வகையே என்பது என் கருத்து.

எனவே மாணவர் முதலில் அறிய வேண்டியது, பயிற்சி தருபவர் யார் என்பதன்று. இறுதித் தேர்வை நடத்துபவர் யார் என்பதே. தொடக்க நிலைக்குக் காம்ப்டியா அமைப்பின் 'ஏ பிளஸ்' பெரிதும் அறியப்பட்டது. இரண்டு தேர்வுகள் கொண்டது, மூன்றாண்டுகள் செல்லும். அதன் பாடத்திட்டம் முழுவதையும் இணையத்தில் இலவசமாகப் பெறலாம். அதனைக் கையில் வைத்துக்கொண்டு, "இவற்றுள் எவற்றைச் செய்து காட்டுவீர்கள்?" என்று நிலையத்தாரிடம் கேட்க வேண்டும். கூகுள் நிறுவனம் 2018இல் கோர்செராவில் தொடங்கிய பயிற்சி, தாமே கற்க விழைவார்க்கு ஏற்றது. சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. வலையமைப்பில் ஊன்றி நிற்க விரும்புவார்க்கு உரியது. அடுத்த படியாகக் கொள்ளலாம். ஒரு காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த எம்.சி.எஸ்.இ.யை மைக்ரோசாப்ட் 2021 ஜனவரி 31ஆம் நாளுடன் நிறுத்திவிட்டது. அதனைத் தருவதாக எவரேனும் விளம்பரம் செய்தால், அவ்வாயிலிலேயே திரும்பிவிடுவது நலம்.

தேர்வு வினாக்களைக் களவாகத் தொகுத்து 'டம்ப்' என விற்பாரும் உளர். அவ்வழியில் பெற்ற சான்றிதழைக் காட்டி ஈட்டும் ஊதியம் ஹலாலா என்பதை வாங்குவோர் தம் நெஞ்சையே கேட்டுக்கொள்ளட்டும். பிறருடைய கடவுச்சொல்லும் கோப்புகளும் அமானிதமாக ஒப்படைக்கப்படும் பணி இது. அதன் வாயிற்படியிலேயே களவா?

இனி, தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்பது. ஏ பிளஸ் கற்பிக்கும் பழுதறியும் முறையில் ஆறு படிகள் உள்ளன. முதற்படி, பயன்படுத்துபவரைக் கேட்டுச் சிக்கலை அறிதல். இறுதிப்படி, கண்டதையும் செய்ததையும் எழுதிவைத்தல். "இணையம் வரவில்லை" என்று ஒருவர் பதறும்போது, எதுமுதல் வரவில்லை, பக்கத்து மேசையில் வருகிறதா என்று பொறுமையாகக் கேட்டு, நான்கு தெளிவான வரிகளில் பதிவு செய்பவரே இப்பணியில் நிலைக்கிறார். கேட்டலும் எழுதலும் மொழித்துறையின் பயிற்சிகள் அல்லவா? ஆங்கிலத்திலும் அவ்வாறு எழுதப் பழகவேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் எந்த மொழியிலும் தெளிவாக எழுதாதவர்க்கு ஆங்கிலம் மட்டும் எங்ஙனம் தெளிவாக வரும்?

ஜமாஅத் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உதவித்தொகையைப் பயிற்சி நிலையத்துக்கு மொத்தமாகச் செலுத்துவதைவிட, ஆயத்தமான மாணவர்க்குத் தேர்வுக் கட்டணமாக வழங்குவது பயன் மிகுந்தது. மேலும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்க இயலாத பழைய கணிப்பொறிகள் தங்கள் கடைகளிலும் அலுவலகங்களிலும் இருக்கக்கூடும். எடைக்குப் போடாமல் அவற்றைக் கல்லூரிக்கு அனுப்புங்கள். ஓர் அறை, நான்கு மேசைகள், ஒரு சுவிட்ச், திருப்புளி சில போதும். வட்டுகளிலுள்ள தங்கள் கணக்குகளை மட்டும் முன்னரே அழித்துவிடுங்கள்; அழிக்கத் தெரியாவிடில் சொல்லியனுப்புங்கள், மாணவர் இருவர் வந்து தங்கள் கண்முன்னே அதனைச் செய்து தருவர்.