பஸ் அல்ல பிரச்சினை

"சாதியெல்லாம் கிராமத்தில்தான், நகரத்தில் யார் பார்க்கிறார்கள்?" இந்தப் பேச்சு நம் காதில் விழாத கல்லூரி விடுதி உண்டா? அமெரிக்காவின் வட நகரங்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசின: நிறவெறி தெற்கின் நோய், எங்களுக்கு இல்லை என்று. அந்தப் பொய் ஊரறிய உடைந்த இடம் சவுத் பாஸ்டன் உயர்நிலைப் பள்ளி.

பள்ளி நிற்பது டார்செஸ்டர் ஹைட்ஸ் குன்றின் மேல். 1776 மார்ச்சில் வாஷிங்டனின் படை இங்கே பீரங்கிகளை ஏற்றித்தான் பிரிட்டிஷாரை பாஸ்டனைவிட்டு விரட்டியது. அந்த விடுதலைக்கான நினைவுக் கோபுரம் பள்ளிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. 1974 செப்டம்பர் 12 அன்று, ராக்ஸ்பரியிலிருந்து இங்கே படிக்க வந்த கறுப்பினப் பிள்ளைகளின் பஸ்கள் மீது கற்கள் பறந்தன. டிசம்பரில் ஒரு வெள்ளை மாணவன் கத்தியால் குத்தப்பட்டான். உடனே கறுப்பின மாணவர் அத்தனை பேர் மீதும் பழி போட்டு, கூட்டம் பள்ளியைச் சூழ்ந்தது. கூட்டத்தைத் திசைதிருப்ப வெறும் பஸ்களை அனுப்பிவிட்டு, வேறு வழியாகத்தான் பிள்ளைகளை வெளியே கொண்டுவர முடிந்தது.

இதை இன்றும் "பஸ் பிரச்சினை" என்றே எழுதுகிறார்கள். அதற்கு முன்பும் பாஸ்டனில் ஏராளமான பிள்ளைகள் பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போனார்கள். அப்போது யாரும் கல்லெறியவில்லையே!

1963லேயே ரூத் பேட்சனும் கறுப்பினப் பெற்றோர்களும் நகரப் பள்ளிக் குழுவிடம் நியாயம் கேட்டார்கள். பிரிவினை என்ற ஒன்றை ஒப்புக்கொள்ளவே குழு மறுத்தது. 1974 ஜூனில் நீதிபதி காரிட்டியின் தீர்ப்பு உண்மையைச் சொன்னது: குழு தெரிந்தே, திட்டமிட்டே பிள்ளைகளைப் பிரித்து வைத்திருந்தது. எல்லை வகுப்பதில், இடமாற்றம் தருவதில், கட்டடம் கட்டுவதில் எல்லாம் நிறம் பார்த்தது.

சவுத் பாஸ்டன் வெள்ளையர்களில் பலரும் ஏழைகள்தான். ஏழ்மை கல்லெறிய உரிமம் ஆகாது. ஆனால் பணக்காரப் புறநகர்கள் எங்கே போயின? அடுத்த மாதமே டெட்ராய்ட் வழக்கில், தவறு நிரூபிக்கப்படாத புறநகர்களை இதில் இழுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏழைகள் தெருவில் மோதிக்கொள்ள, வசதியானவர்கள் வீட்டிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள்.

தோழர்களே, நம் நகரத்தில் எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று ஒரு வரைபடம் போடுவோம். "தரம்", "தூரம்", "பக்கத்துப் பள்ளி" என்று யாராவது பாடம் எடுத்தால், அதை விரித்து வைத்து, இந்தக் கோட்டைப் போட்டது யார் என்று கேட்போம்.