பக்கம் தெரியும், முகம் தெரியாது

எங்கள் ஊரில் கண்ணைப் பற்றிப் பேசும்போது இரண்டு வகை மனிதர்தான் உண்டு. ஒருவருக்குக் கண் தெரியும், மற்றவருக்குக் கண் தெரியாது. இரண்டுக்கும் இடையில் இருப்பவர்களை "நடிப்பு" என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விழித்திரையின் நடுவில் மாகுலா என்றொரு சிறிய பகுதி இருக்கிறது. எழுத்தை வாசிப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, எதிரே நிற்பவரின் முகத்தை அறிவது எல்லாம் அதன் வேலை. வயதாலும் சீனி வியாதியாலும் அது பழுதாகலாம். சில பரம்பரை நோய்களில் பள்ளி வயதிலேயே பழுதாகிவிடும். அப்போது பார்வையின் நடுப்பகுதி மங்கிப் போகும், ஓரங்கள் அப்படியே இருக்கும். அதனால் இவர்கள் தடுமாறாமல் நடப்பார்கள். கதவைக் கண்டு விலகுவார்கள். ஆனால் நேராக எதைப் பார்க்கிறார்களோ அதுவே மறைந்துவிடும்.

டயகமயில் இது என்ன பாடு படுத்தும் என்று யோசித்துப் பாருங்கள். கொழுந்து பறிக்கும் ஒரு பெண் லயத்திலிருந்து மலைக்கு வழுக்கல் பாதையில் ஏறி வந்துவிடுவாள், கானையும் தாண்டிவிடுவாள். செடிக்கு முன்னால் நின்றதும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே என்று தெரியாது. நிறுவையில் கிலோ குறையும், அரைப் பேர்தான் விழும். "இவ்வளவு தூரம் நடந்து வந்தவளுக்குக் கொழுந்து மட்டும் தெரியாதா?" என்று கங்காணி கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

வாப்பாவின் கடைக்கு ஒரு பாட்டி வருவார். மழையிலும் தனியாகவே வந்துவிடுவார். ஆனால் நான் வாய் திறந்து "பாட்டி" என்று சொல்லும்வரை நான் யாரென்று அவருக்குத் தெரியாது. தாளை விரலால் தடவித் தடவி, 500 ரூபாயா 1000 ரூபாயா என்று கேட்பார். வழியில் சிரித்தவர்களுக்குத் திரும்பச் சிரிக்காததால் "பெருமை பிடித்த கிழவி" என்ற பெயரும் அவருக்கு உண்டு. நோயைவிட அந்தப் பெயர்தான் அவரை அதிகம் நோகடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கண்தானத்தில் பேர்போன நாடு நம்முடையது, பாட்டிக்கு ஒரு கண் வைக்க முடியாதா என்று வகுப்புத் தோழி கேட்டாள். டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம் எத்தனையோ நாடுகளுக்குக் கண் அனுப்பியிருக்கிறது, உண்மைதான். ஆனால் மாற்றி வைக்கப்படுவது கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கருவிழிப் படலம் மட்டுமே. பின்னால் இருக்கும் மாகுலாவை அப்படி மாற்ற முடியாது.

அதனால்தான் அணியும் கருவிகள் வந்தன. கனடாவில் கொன்ராட் லூயிஸ் என்ற பொறியியலாளர், பார்வை குறைந்த தன் இரு சகோதரிகளுக்காக ஈசைட் என்ற கருவியை உருவாக்கினார். 2013இல் அது விற்பனைக்கு வந்தது. முன்னால் உள்ள கமரா படம் எடுக்கும், கண்ணுக்கு நேரே உள்ள இரண்டு சிறு திரைகள் அதைப் பெரிதாக்கி, கறுப்பு வெள்ளையைக் கூட்டிக் காட்டும். மீதமிருக்கும் நல்ல பகுதி அந்தப் பெரிய படத்தைப் பிடித்துக்கொள்ளும். இது நோயைக் குணப்படுத்தாது. பார்வையே இல்லாதவருக்கும் பயன்படாது.

இன்னொரு வகை, படத்தைக் காட்டாமல் காதில் சொல்வது. நெதர்லாந்தில் கார்த்திக் மகாதேவன், கார்த்திக் கண்ணன் என்ற இருவர் தொடங்கிய என்விஷன் நிறுவனத்தின் கண்ணாடி, எதிரே உள்ள எழுத்தை உரக்க வாசிக்கும். பெயர்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பெருமை விலையைப் பார்க்கும்வரைதான். 2017இல் வந்த ஈசைட் 3இன் விலை 9,995 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே ஏறக்குறைய 30 இலட்சம். விலை ஒருபுறம் இருக்கட்டும், இன்னொரு பயமும் உண்டு. என்விஷன் தன் மென்பொருளை ஏற்றியது கூகுள் கிளாஸ் மீது. 2023 மார்ச்சில் கூகுள் அதன் விற்பனையையே நிறுத்திவிட்டது. எங்கோ ஒரு கூட்டத்தில் எடுத்த முடிவு, அதை அணிந்திருப்பவரின் கண்ணைத் தொடுகிறது. தோட்டத்தில் தேயிலை விலையைக் கேட்டே வளர்ந்த நமக்கு இது புதிய அனுபவமல்ல.

விலை குறையாது என்பவர்களோடு நான் உடன்படவில்லை. கண்புரை சத்திரசிகிச்சையில் வைக்கும் வில்லையும் ஒரு காலத்தில் வெளிநாட்டுச் சாமானாக எட்டாத விலையில்தான் இருந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஒரோலாப் 1992இல் அதைத் தானே செய்யத் தொடங்கியதும் ஏழைகளுக்கும் அது கிடைத்தது. பேராதனையிலும் மொறட்டுவையிலும் பொறியியல் பீடங்கள் இருக்கின்றன. நம் கல்லூரியில் பௌதிக விஞ்ஞானம் படிக்கும் அக்காமார் வருடாவருடம் அங்கே போகிறார்கள். தமிழும் சிங்களமும் வாசிக்கும் ஒரு கண்ணாடியை இறுதியாண்டுத் திட்டமாக எடுத்தால் என்ன? பாட்டிக்குப் புரியாத மொழியில் பேசும் கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டி என்ன பயன்?

அதுவரை சும்மா இருக்கவும் தேவையில்லை. பல வீடுகளில் ஒரு ஸ்மார்ட் போன் இருக்கிறது. திரையைப் பெரிதாக்கும் வசதி அதன் உள்ளேயே உண்டு, அச்சிட்ட தமிழை வாசித்துச் சொல்லும் செயலிகளும் உண்டு. (கிளினிக் கொப்பியில் உள்ள கையெழுத்தை வாசிக்கும் செயலி இன்னும் பிறக்கவில்லை.) நேராகப் பார்க்காமல் சற்றே பக்கவாட்டில் பார்த்து, நல்ல பகுதியைப் பயன்படுத்தும் பயிற்சியும் இருக்கிறது. தலையைச் சாய்த்துப் பார்க்கும் பிள்ளையை "நேராப் பாரு" என்று அதட்டும் ஆசிரியர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். அரசாங்கம் செய்ய வேண்டியதும் உண்டு. கொழும்புக் கண் வைத்தியசாலைக்குப் போக இங்கிருந்து பஸ்ஸில் தலவாக்கலை, பிறகு ரயில் என்று ஒரு நாள் சம்பளத்தை விட்டுப் போக வேண்டியிருக்கிறது. இப்படியான பயிற்சியாவது நுவரெலியாவில், தமிழில் கிடைக்க வேண்டும்.

பெற்றோர் இன்றிரவே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. ஆம்ஸ்லர் என்ற சுவிஸ் வைத்தியரின் பெயரால் வழங்கும் சோதனை அது. உங்கள் மகளின் சதுரக் கோட்டுக் கணிதக் கொப்பியில் ஒரு பக்கத்தின் நடுவே புள்ளி வையுங்கள். ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணால் புள்ளியை மட்டும் பாருங்கள், பிறகு கண்ணை மாற்றுங்கள். கோடுகள் வளைந்தோ அறுந்தோ தெரிந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் கண் வைத்தியரிடம் போங்கள். சில வகைகளில் கண்ணுக்குள் போடும் ஊசியால் பார்வையைக் காப்பாற்ற முடியும், ஆனால் நாள் கடந்தால் முடியாது. வாசிக்கும் கண்ணாடி இருப்பவர்கள் அதைப் போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும். வாப்பா அதைக் கழற்றி வைத்துவிட்டு, கொப்பியில் கோடே இல்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகப் பார்த்தார்.