அதிகாரிக்கு எதற்குப் பள்ளிக்கூடம்?

"அந்தப் பெரிய அதிகாரி மறுபடியும் படிக்கப் போகிறாராம்!"

இப்படி ஒரு செய்தி காதில் விழுந்தால் நமக்குச் சிரிப்பு வரும். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. மகன் காலேஜில் படிக்கிறான். இந்த வயதில் அப்பாவும் நோட்டுப் புத்தகத்தைத் தூக்குகிறார் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது?

சிரித்து முடித்ததும் கோபம் வரும். "வேலை பார்க்காமல் படிக்கப் போகிறவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? நம் வரிப்பணம் அல்லவா?" என்று கேட்போம்.

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும், அவர் படிக்கப் போவது நல்லது என்றே நான் சொல்லுவேன்.

மனு தூங்கும் மேஜை

அவர் படிக்கும் படிப்புக்குப் "பொது நிர்வாகம்" என்று பெயர். அரசாங்க வேலையை எப்படி நடத்துவது என்பதுதான் பாடம்.

சட்டம் போட்டால் மட்டும் போதாது. பணம் ஒதுக்கினால் மட்டும் போதாது. அந்தப் பணம் தலைநகரிலிருந்து புறப்பட்டு, எங்கோ ஒரு கிராமத்தில் இருக்கும் விதவைத் தாயின் கையில் போய்ச் சேர வேண்டும். நடுவில் எத்தனை மேஜை! எத்தனை கையெழுத்து! எந்த மேஜையில் அவள் மனு தூங்குகிறது? அந்த மேஜை அவசியம்தானா? அதை எடுத்துவிட்டால் வேலை சீக்கிரம் நடக்குமா, அல்லது திருட்டுக்கு வழி பிறக்குமா? இதை ஆராய்வதும் ஒரு படிப்புதான்.

படிப்பு புதியது அல்ல. 1887-ல் அமெரிக்காவில் வுட்ரோ வில்சன் என்ற பேராசிரியர், நிர்வாகத்தைத் தனியாக ஆராய்ந்து படிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதே வில்சன் 1913-ல் அமெரிக்காவின் ஜனாதிபதி ஆனார். எழுதியதைச் செய்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. எழுதுகிற எல்லோருக்கும் அது கிடைக்குமா, என்ன!

நம் சென்னை சர்வகலாசாலையும் பின்தங்கிவிடவில்லை. 1937-லேயே இந்தப் பாடத்தில் டிப்ளமா வகுப்பைத் தொடங்கியது.

அனுபவம் போதாதா?

"20 வருஷம் உத்தியோகம் பார்த்தவருக்குத் தெரியாததையா வாத்தியார் சொல்லிக் கொடுக்கப் போகிறார்?" என்று கேட்பார்கள்.

வீட்டில் 5 பேருக்குச் சமைக்கும் அம்மாவை நினைத்துப் பாருங்கள். கைப்பக்குவத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் நாளை முதல் 500 பேர் சாப்பிடும் விடுதியை அவரிடம் ஒப்படைத்தால்? சாமான் வாங்க வேண்டும். கணக்கு எழுத வேண்டும். 10 பேரை வேலை வாங்க வேண்டும். கைப்பக்குவம் இருக்கிறது, மற்றதைக் கற்றுக்கொள்ளத்தானே வேண்டும்?

அதிகாரியின் கதையும் இதுதான். ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் இளம் வயதில் நிலவரி, பட்டா, வெள்ள நிவாரணம் என்று பார்க்கிறார். வயது 45 ஆகும்போது அவரை ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் மேலதிகாரி ஆக்குகிறார்கள். அடுத்து மின்சாரம். அதற்கும் அடுத்து பஸ் போக்குவரத்து. பட்டா மாற்றிக் கொடுத்த அனுபவம், பஸ் கம்பெனியின் நஷ்டக் கணக்கைப் படிக்க எப்படி உதவும்? அவர் பழகிப் பழகித் தெரிந்துகொள்வார், உண்மைதான். அவர் பழகி முடிக்கும் வரை கஷ்டப்படுகிறவர் யார்? பஸ் ஸ்டாண்டில் நிற்கும் நீங்களும் நானும்!

நேரு தலைமையில்

சுதந்திரம் வந்த சில ஆண்டுகளிலேயே இந்த விஷயம் டில்லிக்கு உறைத்தது. பால் ஆப்பிள்பி என்ற அமெரிக்க நிபுணரை வரவழைத்தார்கள். அவர் நம் நிர்வாகத்தைச் சுற்றிப் பார்த்து 1953-ல் அறிக்கை கொடுத்தார். நிர்வாகத்தை ஆராய ஒரு நிலையம் வேண்டும் என்றார். மறு ஆண்டே, 1954-ல், இந்தியப் பொது நிர்வாக நிலையம் டில்லியில் உருவாயிற்று. அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? பிரதமர் ஜவகர்லால் நேரு!

1975 முதல் அங்கே 10 மாத வகுப்பு ஒன்று நடக்கிறது. சேருகிறவர்கள் பல ஆண்டு உத்தியோகம் பார்த்தவர்கள். சிவில் அதிகாரிகள் மட்டும் அல்ல, ராணுவ அதிகாரிகளும் உண்டு. வகுப்பில் உட்கார்ந்தால் போதாது. கிராமங்களுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும். பஞ்சாப் சர்வகலாசாலை இதற்கு எம்.பில். பட்டம் வழங்கி வந்தது.

பாடத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்த பெஞ்சுதான். பட்டாளத்து கர்னல் ஒரு பக்கம். வருமான வரி அதிகாரி ஒரு பக்கம். ரயில்வேக்காரர் இன்னொரு பக்கம். ஆபீசில் இவர்கள் ஒருவருக்கு ஒருவர் கடிதம்தான் எழுதிக்கொள்வார்கள். இங்கே முகத்துக்கு முகம் சண்டை போடலாம்.

அந்தச் சண்டை நாட்டுக்கு அவசியம். தெருவில் தார் ரோடு போடுகிறார்கள். நமக்கு ஒரே சந்தோஷம். 10 நாளில் குடிதண்ணீர்க் குழாய்க்காரர் வந்து தோண்டுகிறார். அவர் மூடியதும் மின்சாரக்காரர் கேபிள் புதைக்க வருகிறார். இதில் யாரும் கெட்டவர் இல்லை. அவரவர் இலாகா வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்கிறார்கள். பக்கத்து இலாகாக்காரரோடு ஒரே பெஞ்சில் 10 மாதம் உட்கார்ந்தவர், தோண்டும் முன் ஒரு போன் போட்டுக் கேட்பார் அல்லவா?

நான்கு பிள்ளைகளின் தாய்

ஆப்பிரிக்காவில் லைபீரியா என்று ஒரு நாடு. அங்கே எலன் ஜான்சன் சர்லீஃப் என்ற பெண்ணுக்கு 17 வயதில் கலியாணம் ஆயிற்று. நான்கு ஆண் குழந்தைகள் பிறந்தார்கள். பிறகு அவர் சர்க்கார் நிதி இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். அதற்கும் பிறகு அமெரிக்காவின் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் சேர்ந்து, 1971-ல் பொது நிர்வாகத்தில் பட்டம் பெற்றார்.

நாடு திரும்பி, 1979-ல் நிதி மந்திரி ஆனார். ஆட்சி கவிழ்ந்தது. 1985-ல் ஜெயிலிலும் இருந்தார். கடைசியில் தேர்தலில் ஜெயித்து, 2006-ல் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். ஆப்பிரிக்காவில் தேர்தல் மூலம் ஜனாதிபதி ஆன முதல் பெண் அவரே! 2011-ல் நோபல் சமாதானப் பரிசும் கிடைத்தது.

அந்தப் படிப்பால்தான் ஜனாதிபதி ஆனார் என்று நான் சொல்லவில்லை. கலியாணமும் குழந்தைகளும் உத்தியோகமும் வந்த பிறகு படிப்பு முடிந்துவிட்டது என்று அவர் நினைக்கவில்லை. அதைத்தான் சொல்லுகிறேன்.

இப்படி நடந்தால்?

எல்லாம் சரி. எனக்குச் சில மனக்குறைகள் உண்டு.

ஒருவர் 10 மாதம் படித்து, பள்ளிக்கூடங்களைப் பற்றி அருமையான கட்டுரை எழுதுகிறார். திரும்பி வந்ததும் அவரைச் சுரங்க இலாகாவில் போட்டால்? கட்டுரை பெட்டிக்குள் போய்விடும். நம் வரிப்பணமும் அதோடு போய்விடும். படிக்க அனுப்பும்போதே, திரும்பி வந்தால் எந்த வேலை, எத்தனை ஆண்டு என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும் ஆளை அனுப்பவே கூடாது. அது படிப்பு அல்ல, லீவு.

இன்னொன்று. பெரிய அதிகாரி மட்டும் படித்தால் போதுமா? நம் மனுவை முதலில் வாங்குகிறவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அவருக்கு உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் பவானிசாகரில் பயிற்சி கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் 15 வருஷம் கழித்து அவருக்கும் தாசில்தாருக்கும் ஒரு ஆறு மாதப் படிப்பு கிடைக்க வேண்டாமா?

2020-ல் மத்திய சர்க்கார் 'கர்மயோகி' என்ற திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. சிறிய உத்தியோகஸ்தரும் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் பாடம் படிக்கலாம். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் செல்போனோடு சண்டை போட முடியாது. குழாய்க்காரரும் ரோடுக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்றேனே, அது செல்போனில் நடக்காது.

கிராமத்துக்குப் போய்ப் பார்த்து எழுதும் கட்டுரை பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கிறது. பரீட்சைக்கு அது சரி. அதோடு இரண்டு பக்கம் அந்தக் கிராமத்தார் பாஷையில் எழுதி, கிராம சபையில் நின்று அதிகாரியே வாசிக்கட்டும். "ஐயா, நீங்கள் பார்த்த அன்று மட்டும்தான் அந்தக் குழாயில் தண்ணீர் வந்தது" என்று யாராவது ஒரு பாட்டி எழுந்து சொல்லுவாள். அதையும் கட்டுரையில் சேர்த்துக்கொண்டு அவர் டில்லிக்கு ரயில் ஏறலாம்.