சட்டமும் வலையும்

பாக் விரிகுடாவின் ஆழமற்ற கரையோரங்களில் கடற்புல்லை மேய்ந்து வாழும் பிராணி கடற்பசு. நம் மீனவர் அதனை ஆவுளியா என்பர். மூச்சுவிட அது நீர்மட்டத்திற்கு வந்தே தீரவேண்டும். வலையில் சிக்கிவிட்டால் சில நிமிடங்களில் மூச்சு முட்டி மாண்டுபோகும். ஓராண்டிற்கு மேல் கருச்சுமந்து ஒரு கன்றை ஈனும். அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் செல்லும். ஆதலால் ஒன்றின் சாவும் பேரிழப்பே.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனை வேட்டையாடுவதைத் தடைசெய்தது. 2022-இல் தமிழக அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களையொட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டில் இத்தகையது இதுவே முதலாவது. ஆயினும் நள்ளிரவுக் கடலில் முடிவு செய்வது சட்டமன்று; வலையைப் பிடித்திருக்கும் கையே.

சிக்கிய கடற்பசுவை, வலையை அறுத்து உயிரோடு விடுவித்த மீனவர்கள் உண்டு. வனத்துறை அவர்களுக்குப் பரிசளித்துப் பாராட்டியுமுள்ளது. நன்று. ஆனால் வலை அறுந்தால் ஒரு வீட்டில் உலை கொதிப்பது நின்றுவிடும். வலையின் விலை முழுவதும் தாமதமின்றி அவர் கையில் சேர்ந்தாலன்றோ, அடுத்தவரும் துணிந்து அறுப்பார்? ஏழையின் தியாகத்தை மட்டும் நம்பி நிற்கும் கொள்கை நெடுநாள் நிலைக்காது.

கடலைக் காப்பது கடலோரத்தார் பாடு என்று உள்நாட்டில் வாழும் நாம் கைகழுவிவிடலாமா? நம் தெருச் சாக்கடையும் நாம் எறியும் பிளாஸ்டிக் பையும் ஆற்றோடு சென்று சேருமிடம் கடலே. அவர் பிழைப்புக்குரிய வலையையே அறுக்கிறார். நாம் கடைக்குப் போகையில் ஒரு துணிப்பையையேனும் எடுத்துச் செல்வோமா?