கால்கட்டில் பிறந்த நச்சரிப்பு

‘சும்மா பெஸ்டர் பண்ணாதே’ என்பது நம் நகரத்து வீடுகளில் சாதாரணமாகக் காதில் விழும் தொடர். பொம்மை கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளையிடம் சொல்வார்கள். கடன் அட்டை வேண்டாம் என்று சொன்ன பிறகும் திரும்பத் திரும்ப அழைக்கும் வங்கி முகவரைப் பற்றியும் சொல்வார்கள். பெஸ்டர் என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு நச்சரித்தல் என்று பொருள் கொண்டால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அந்தச் சொல் நச்சரிப்பைக் குறிக்கப் பிறந்ததல்ல. அது பிறந்தது மேய்ச்சல் நிலத்தில், ஒரு விலங்கின் காலடியில்.

முதலில் இன்றைய பொருளைப் பார்ப்போம். தொல்லை தருவதெல்லாம் பெஸ்டர் ஆகிவிடாது. தெருமுனை ஒலிபெருக்கி பெரும் தொல்லைதான். என்றாலும் ஆங்கிலம் பேசுவோர் அதற்கு இந்தச் சொல்லைப் பொதுவாகப் பயன்படுத்துவதில்லை. ஒலிபெருக்கி நம்மிடம் எதையும் கேட்பதில்லை, நம்மைத் தேடி வருவதுமில்லை. பெஸ்டர் என்பதற்கு ஒருவரையே குறிவைத்துத் திரும்பத் திரும்ப வருவது வேண்டும். ஒவ்வொரு முறையும் செய்வது சின்னச் செயலாகவே இருக்கலாம். ஒரு கேள்வி, ஓர் அழைப்பு, சட்டை நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு. தனியாக எடுத்தால் எதுவும் குற்றமில்லை. அடுக்கி வரும்போதுதான் பொறுக்க முடியாமல் போகிறது. மாட்டைச் சுற்றும் ஈக்களுக்கும் இதே வினையைச் சொல்வது அதனால்தான். ஈ எதையும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் விரட்ட விரட்ட வருகிறது.

இந்த வினையைத் தொடர்ந்து வரும் சிறு சொற்களும் கவனிக்கத் தக்கவை. ‘ஃபார்’ வந்தால் எதைக் கேட்டு நச்சரிக்கிறார் என்பது தெரியும். ‘வித்’ வந்தால் எதைக்கொண்டு என்பது தெரியும், பெரும்பாலும் கேள்விகளைக்கொண்டு. ‘இன்டூ’ வந்தால் நச்சரித்தவர் வென்றுவிட்டார் என்று பொருள். எதிராளி சலித்துப்போய் ஒப்புக்கொண்டுவிட்டார்.

இனி பிறப்புக்கு வருவோம். லத்தீனில் ‘பாஸ்தோர்’ என்றால் மேய்ப்பவர். தமிழ்நாட்டுக் கிறித்தவ சபைகளில் இன்று ‘பாஸ்டர்’ என்று அழைக்கப்படுபவரின் பட்டமும் இதே சொல்தான். மக்களை மேய்த்து நடத்துபவர் என்ற பொருளில் வந்தது. மேய்ப்பரிடம் ஒரு கயிறு இருக்கும். விலங்கை மேயவிடும்போது அது தொலைவுக்கு ஓடிவிடாதபடி கால்களைச் சேர்த்துக் கட்டும் கயிறு. தமிழில் இதற்குத் தளை என்று பெயர், கால்கட்டு என்றும் சொல்வதுண்டு. லத்தீனில் மேய்ப்பரின் பெயரை ஒட்டியே அந்தக் கயிற்றுக்கு ‘பாஸ்தோரியா’ என்ற பெயர் அமைந்தது. தளை இடுவதற்கு ‘இம்பாஸ்தோரியாரே’ என்ற வினை மக்கள் வழக்கில் இருந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர்கள் கொள்கிறார்கள். இந்த வடிவம் ஏட்டில் கிடைக்கவில்லை. பிந்தைய மொழிகளில் கிடைக்கும் சொற்களை ஒப்பிட்டு முந்தைய வடிவத்தைக் கணிப்பதை ‘மீட்டுருவாக்கம்’ என்பார்கள். இது அப்படி மீட்டுருவாக்கிய சொல்.

மீட்டுருவாக்கம் என்றால் வெறும் ஊகம் என்று தள்ளிவிட வேண்டாம். இங்கே சாட்சிகள் வலுவானவை. இத்தாலிய மொழியில் ‘பஸ்தோயா’ என்றால் இன்றும் கால்கட்டுதான். பழைய பிரெஞ்சில் ‘எம்பெஸ்த்ரேர்’ என்பது தளையிடுவதையும் சிக்கவைப்பதையும் குறித்தது. இன்றைய பிரெஞ்சில் அது நடுவிலிருந்த ‘ஸ்’ ஒலியை இழந்து ‘ஆம்பெத்ரே’ என்று ஒலிக்கிறது. சிக்கலிலிருந்து விடுபடுவதற்கு ‘தேபெத்ரே’ என்று அதற்கு எதிர்ச்சொல்லும் உண்டு. ஆங்கிலத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. குதிரையின் குளம்புக்கு மேலே சற்று ஒடுங்கியிருக்கும் பகுதியை ‘பாஸ்டர்ன்’ என்கிறார்கள். தளைக்கயிறு கட்டும் இடம் அது. கயிற்றின் பெயர் காலின் அந்தப் பகுதிக்கே ஒட்டிக்கொண்டுவிட்டது. குதிரைக்காரர்களின் பேச்சில் அது இன்றும் வழங்குகிறது.

16ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தப் பிரெஞ்சுச் சொல் தலைப்பகுதி உதிர்ந்து பெஸ்டர் என்று ஆங்கிலத்துக்கு வந்தது. வந்தபோது அதன் பொருள் தடை செய்வது, அடைத்துக்கொள்வது, நெருக்கியடிப்பது. நடமாட இடமில்லாமல் சரக்கு குவிந்து கிடக்கும் கப்பலைப் பற்றி இந்தச் சொல்லால் பேசலாம். கால் வைக்க முடியாத சந்தைத் தெருவைப் பற்றியும் பேசலாம். கால்கட்டிலிருந்து நெரிசலுக்கு வந்த வழி நீளமானதல்ல. இரண்டிலும் அசைய முடியவில்லை என்பதே செய்தி.

அந்தக் காலத்து நாடகங்களில் இந்த மாற்றத்தை நேராகவே பார்க்கலாம். 1608ஐ ஒட்டி எழுதப்பட்ட ‘கொரியலேனஸ்’ நாடகத்தில், கலகக் கூட்டங்கள் தெருக்களை அடைத்து நிற்பதைச் சொல்ல ஷேக்ஸ்பியர் இந்த வினையைப் பயன்படுத்துகிறார். 1634இல் லட்லோ கோட்டையில் முதலில் நடிக்கப்பட்ட மில்டனின் ‘கோமஸ்’ நாடகத்தின் தொடக்கத்திலும் சொல் வருகிறது. அங்கே வானுலக ஆவி ஒன்று, மனிதர்கள் இந்த உலகத்தில் பட்டியில் அடைத்த மாடுகளைப்போல நெருக்குண்டு கிடப்பதாகச் சொல்கிறது. மேய்ச்சல் நிலத்தில் பிறந்த சொல் பட்டிக்கே திரும்பி வந்திருப்பது தற்செயலாக இருக்கலாம். மில்டன் லத்தீனில் கவிதை எழுதியவர் என்பதால் எனக்குச் சிறு சந்தேகம் உண்டு.

ஆனால் இந்த இரண்டுக்கும் முன்பே, 1600ஐ ஒட்டி ஷேக்ஸ்பியர் எழுதிய ‘ஹாம்லெட்’டில் அந்தச் சொல் இன்றைய பொருளில் வந்துவிட்டது. டென்மார்க் மன்னன் கிளாடியஸ் தன் அவையில் இளம் ஃபோர்ட்டின்பிராஸைப் பற்றிக் குறைப்படுகிறான். தந்தை இழந்த நிலங்களைத் திருப்பிக் கேட்டு அவன் விடாமல் தூது அனுப்புகிறானாம். இங்கே நெரிசல் இல்லை, கயிறும் இல்லை. கேட்டதையே கேட்கும் பிடிவாதம் மட்டும் இருக்கிறது. ஆக ஒரே எழுத்தாளரிடம், சில ஆண்டு இடைவெளியில், பழைய பொருளும் புதிய பொருளும் அருகருகே இருந்தன. சொற்பொருள் ஒரு நாளில் உடை மாற்றிக்கொள்வதில்லை. 1755இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் அகராதியிலும் தொல்லை செய்தல் என்ற பொருளுக்குப் பின்னால் சுமையாகத் தடுத்தல் என்ற பழைய பொருள் இடம்பெற்றிருந்தது.

பொருள் ஏன் இந்தத் திசையில் நகர்ந்தது? ஒரு காரணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பொருள்களால் தடைபடுவதும் ஆட்களால் தடைபடுவதும் அனுபவத்தில் ஒன்றுதான். இன்னொரு காரணம் வெளியிலிருந்து வந்தது. லத்தீனில் ‘பெஸ்திஸ்’ என்றால் கொள்ளைநோய். அதுதான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘பெஸ்ட்’ என்று ஆனது. 1563, 1593, 1603, 1625 என்று கொள்ளைநோய் லண்டனை மறுபடி மறுபடி வாரிய காலம் அது. அந்த நோயின் பெயர் நாவில் பழகியிருந்த மக்களுக்கு, பெஸ்டர் என்றதும் பெஸ்ட் நினைவுக்கு வந்திருக்கும். உறவே இல்லாத இரு சொற்களை ஒலியை நம்பி உறவாக்கிக்கொள்வதை ‘நாட்டார் சொற்பிறப்பு’ என்பார்கள். அது வரலாறாகத் தவறு. ஆனாலும் பொருளை மாற்றும் வலிமை அதற்கு உண்டு. பெஸ்டர் என்பது பெஸ்ட் என்பதிலிருந்து பிறந்தது என்று யாராவது சொன்னால், பிறப்பில் இல்லை, வளர்ப்பில் ஓரளவு உண்டு என்று பதில் சொல்லலாம்.

ஆங்கிலத்தில் இதற்கு அண்டைச் சொற்கள் பல. ‘பேட்ஜர்’ என்ற வினை, அதே பெயருள்ள ஒரு சிறு விலங்கின் மேல் நாய்களை ஏவும் கொடிய விளையாட்டை நினைவூட்டுவது. பிரிட்டன் 1835இல் அந்த விளையாட்டைத் தடை செய்தது. ‘ஹவுண்ட்’ வேட்டைநாயின் பெயர். ‘நாக்’ பெரும்பாலும் ஸ்காண்டிநேவிய மொழிகளில் கொறிப்பதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. இவற்றில் கனமானது ‘ஹராஸ்’. அச்சமும் அவமானமும் தரும் துன்புறுத்தலுக்கான சொல் அது. பிரிட்டனின் 1997ஆம் ஆண்டுச் சட்டமும், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தச் சொல்லையே தலைப்பில் தாங்கியிருக்கின்றன. பெஸ்டர் அந்த எடைக்கு ஏறியதில்லை. துன்புறுத்தலைப் பெஸ்டர் என்று சொன்னால் குற்றத்தைக் குறைத்துக் காட்டியதாகிவிடும்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தச் சொல்லுக்கு விளம்பர உலகத்தில் ஒரு புது வேலை கிடைத்தது. ‘பெஸ்டர் பவர்’ என்றால் பெற்றோரை நச்சரித்துப் பொருள் வாங்கவைக்கும் பிள்ளைகளின் ஆற்றல். பணம் பெற்றோரிடம் இருக்கிறது, ஆசையைத் தூண்டுவது பிள்ளையிடம் எளிது. எனவே விளம்பரம் பிள்ளையைப் பார்த்துப் பேசுகிறது, மீதி வேலையைப் பிள்ளை வீட்டில் முடிக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணம் 13 வயதுக்குட்பட்ட குழந்தைகளை நோக்கிய வணிக விளம்பரங்களைத் தடை செய்யும் சட்டத்தை 1978இல் இயற்றியது. ஒரு பொம்மை நிறுவனம் அதை எதிர்த்து வழக்காடியது. 1989இல் கனடா உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு நெறிமுறை, இந்தப் பொருளை வாங்கித்தரும்படி பெற்றோரிடம் சொல் என்று விளம்பரம் பிள்ளைகளை நேராகத் தூண்டுவதை நியாயமற்ற வணிக முறைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

இந்த இடத்தில் மட்டும் அந்தச் சொல் எனக்குச் சற்று இடறுகிறது. பெஸ்டர் பவர் என்று சொன்னதும் நச்சரிப்பவர் பிள்ளை என்று ஆகிவிடுகிறது. அந்தப் பிள்ளையை முதலில் விடாமல் நச்சரித்த விளம்பரம் சொல்லுக்குள் எங்கும் தெரிவதில்லை. சட்டங்கள் இந்த வகையில் சொல்லைவிடத் தெளிவாக இருக்கின்றன. அவை பிள்ளையை விட்டுவிட்டு விளம்பரதாரரைக் கேள்வி கேட்கின்றன. இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இணைய வணிகத்தின் ஏமாற்று வடிவமைப்புகள் என்று 13 வகைகளை அறிவித்தது. அவற்றில் ஒன்றின் பெயர் ‘நாகிங்’. செயலியை இறக்கு, தொலைபேசி எண்ணைக் கொடு, அறிவிப்புகளை அனுமதி என்று, ‘வேண்டாம்’ என்று சொல்ல வழியே தராமல் திரை மறுபடி மறுபடி கேட்பதுதான் அது. அங்கே நச்சரிப்பவர் யார் என்பதில் குழப்பமில்லை, திரைக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம்தான்.