அம்பாப் பாட்டு

பல குரல்கள் சேர்ந்து பாடுவது மேல்நாட்டாருக்கே உரிய வித்தை என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். கச்சேரி மேடையை மட்டும் அறிந்தவர் அவ்விதம் கருதுவதில் ஆச்சரியமில்லை. தூத்துக்குடிப் பக்கம் கரைவலை இழுப்பதைக் கண்டவர் அப்படிச் சொல்லமாட்டார்.

ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பற்றிய மற்றவர் அனைவரும் ‘ஏலேலோ’ என்றோ ‘ஐலசா’ என்றோ ஏற்றுப் பாடுவர். இதுவே அம்பாப் பாட்டு. அழகுக்காக ஏற்பட்டதன்று இந்த முறை. முன்பாட்டுக்காரர் பாடும்போது மற்றவர் மூச்சு வாங்கிக்கொள்வர். எதிர்ப்பாட்டின் அழுத்தத்தில் அத்தனை கைகளும் ஒருமிக்க இழுக்கும். தாளம் தவறினால் வலை நகராது. வள்ளம் தள்ளவும் தோணியில் பாய் ஏற்றவும் இதுவே துணை. முன்பாட்டுக்காரர் மாதாவையும் வேண்டுவார். மீனை மலிவாகக் கேட்கும் வியாபாரியையும் விட்டுவைக்கமாட்டார்!

வெவ்வேறு ஸ்வரங்களை ஒரே சமயத்தில் இசைத்து ஒன்றாக்கும் மேல்நாட்டு முறை இதில் இல்லைதான், ஒப்புக்கொள்வோம். ஆனால் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களும் வயலிலும் துறைமுகத்திலும் இப்படித்தான் ஒருவர் பாடப் பலர் ஏற்றுப் பாடினர். அவர்களுடைய பக்திப் பாடல்களை 1871-ல் ஃபிஸ்க் கல்விச்சாலை மாணவர் குழு ஊரூராகப் பாடிப் பணம் திரட்டி, அக்கல்விச்சாலையையே காப்பாற்றியது. பின்னர் நால்வர் குழுக்கள் பல தோன்றின. 1930-களில் மில்ஸ் சகோதரர்கள் வானொலியில் பெரும்புகழ் பெற்றனர். இன்றைய மேல்நாட்டு ஜனரஞ்சக சங்கீதத்தில் இவர்களுடைய சாயல் படியாத இடம் குறைவு.

நம் கடற்கரைப் பாட்டுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. எம். பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழு அமைத்துப் பாரதியார் பாடல்களைப் பல குரல்களில் ஒலிக்கச் செய்தார். 1988-ல் அவரும் மறைந்தார். சினிமாவோ அம்பாவின் பல்லவியை மட்டும் எடுத்துக்கொண்டு கயிற்றைக் கரையிலேயே விட்டுவிட்டது. இங்கே 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு இல்லை. பாய் போய் இயந்திரம் வந்தது. இயந்திரத்துக்குப் பாட்டு வேண்டாம்.

‘ஐலசா’ எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் கேட்டேன். “சினிமாவிலிருந்து” என்றார்கள் பிள்ளைகள். அந்தச் சனிக்கிழமையே அவர்களைக் கரைக்கு அழைத்துச் சென்றேன். வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைப் பாடும்படி வேண்டினேன்.

“கையிலே கயிறு இல்லாம பாட்டு எப்படி வரும், வாத்தியாரய்யா?” என்றார் அவர்.

அருகில் கிடந்த வள்ளத்தின் கயிற்றை எடுத்துக் கொடுத்தோம். பிள்ளைகளும் பின்னால் வரிசையாகப் பற்றிக்கொண்டார்கள். முதல் இரண்டு அடிகளுக்கு வெட்கம். மூன்றாவது அடியில் இருபது குரல்கள் எழுந்தன. வள்ளம் ஒரு முழம் நகர்ந்தது.